பொத்தான் யுகம் – 17: மூட்டையின் அடியில் இருந்தவர்கள்

வடுகபட்டியில் வியாழனும் ஞாயிறும் பூண்டுச் சந்தை. பெரியகுளத்தை ஒட்டிய இந்தச் சிறு பேரூரில்தான் கொடைக்கானல் மலைப்பூண்டு கீழே இறங்கி வந்து விலை போகிறது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. விவரம் தெரிந்த வியாபாரி மூட்டையின் வாயில் தெரிவதைப் பார்த்து விலை சொல்ல மாட்டார். முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியில் கிடப்பதை ஒரு பிடி அள்ளிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். மேலே இருப்பது காட்டுவதற்கு. சரக்கு அடியில் இருக்கிறது.

1990-களில் சண்டை வீடியோ கேம் செய்தவர்களும் மூட்டையை இப்படித்தான் கட்டினார்கள். திரையில் வரிசையாக முகங்கள் தெரியும். அந்த வரிசையில் இல்லாத ஒருவன் உள்ளே எங்கோ உட்கார்ந்திருப்பான். அவனை வெளியே இழுக்கும் வழி தேடி ஒரு தலைமுறை தன் சில்லறையையும் பள்ளிக்கூட நேரத்தையும் தொலைத்தது. ஒளிந்திருந்த அந்த ஆட்களின் கதைதான் இந்த வாரம்.

சென்ற வாரம், 1991-ல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆட்டத்தை வெளியிட்டதோடு நிறுத்தியிருந்தோம். ஆடுவதற்கு எட்டுப் பேர். அவர்களில் ஒருவன் தால்சிம். கைகால்களை ரப்பர்போல நீட்டி, வாயால் தீ கக்கும் யோகி. கேப்காம் அவனுக்கு எழுதிக்கொடுத்த சொந்த மண் கேரளம். கம்பத்துக்காரர்கள் குமுளி மலை ஏறினால் அவன் மாநிலம் வந்துவிடும். யோகாசனம் செய்தால் தீ கக்கலாம் என்று ஒசாகாவில் இருந்தவர்களுக்கு எந்த ஆசான் சொல்லிக்கொடுத்தாரோ!

எட்டுப் பேரைத் தாண்டினால் இன்னும் நால்வர் எதிரிகளாக வருவார்கள். அவர்களைப் பார்க்கலாம், அவர்களிடம் அடி வாங்கலாம், ஆனால் எடுத்து ஆட முடியாது. 1992-ல் வந்த சாம்பியன் எடிஷனில் அந்த நால்வரையும் ஆடக் கொடுத்தார்கள். பூட்டியிருப்பதன்மேல் ஆட்டக்காரனுக்கு எவ்வளவு ஆசை என்பது நிறுவனத்துக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனால் ஒளிந்திருக்கும் வீரன் என்ற எண்ணத்துக்கு உண்மையான விதை ஒரு மொழிபெயர்ப்புப் பிழை. அந்த எட்டுப் பேரில் ஒருவனான ரியூ ஜெயித்தால் தோற்றவனிடம் ஒரு வரி சொல்வான். என் எழும் டிராகன் குத்தை வெல்லாமல் உனக்கு வெற்றி இல்லை என்பது ஜப்பானிய மூலத்தின் பொருள். அந்தக் குத்தின் பெயரைச் சீன உச்சரிப்பில் படித்தால் ‘ஷெங் லாங்’. ஆங்கிலத்தில் அது ஆளின் பெயராகப் போய்விட்டது. ஷெங் லாங்கைத் தோற்கடித்தால்தான் உனக்கு வாய்ப்பு என்று ரியூ சொல்வதாக அமெரிக்கப் பையன்கள் படித்தார்கள். யார் இந்த ஷெங் லாங்? ரியூவின் குருவோ? எங்கே இருக்கிறார்?

1992 ஏப்ரல் இதழில் ‘எலெக்ட்ரானிக் கேமிங் மந்த்லி’ பத்திரிகை வழி சொன்னது. ரியூவை எடுத்துக்கொண்டு ஓர் அடிகூட வாங்காமல் கடைசி எதிரி பைசன் வரை போக வேண்டும். அவனோடும் ஒருவரையொருவர் தொடாமல் ரவுண்டு மேல் ரவுண்டாக நேரத்தை ஓட்ட வேண்டும். அப்போது ஷெங் லாங் எங்கிருந்தோ குதித்து, பைசனைத் தூக்கி எறிந்துவிட்டுச் சண்டைக்கு நிற்பார். ஆதாரமாக ஒரு படமும் போட்டிருந்தார்கள். இதழின் மாதத்தைக் கவனித்திருந்தால் போதும். ஏப்ரல் முட்டாள் விளையாட்டு அது. பத்திரிகை பிறகு ஒப்புக்கொண்டது. அதற்குள் உலகின் பல ஊர்களில் காசு கொட்டியாகிவிட்டது.

இந்தப் பொய் ஏன் இவ்வளவு பரவியது? நம்பக்கூடிய பொய்யாக இருந்ததால்தான். இப்படி ஒரு வேலையை நிஜமாகவே செய்தவர்கள் அதே ஆண்டில் சிகாகோவில் இருந்தார்கள்.

மிட்வே நிறுவனத்தில் எட் பூன், ஜான் டோபியஸ் இருவரும் ஒரு சிறு குழுவோடு 1992-ல் ‘மார்ட்டல் காம்பாட்’ செய்தார்கள். நிஜ மனிதர்களைப் படம் பிடித்து உள்ளே ஏற்றிய ஆட்டம். அதில் இரண்டு நிஞ்சாக்கள்: மஞ்சள் உடையில் ஸ்கார்ப்பியன், நீல உடையில் சப்-ஸீரோ. இரண்டு பேருமே டேனியல் பெசினா என்ற ஒரே நடிகர்தான். துணியின் நிறத்தை மட்டும் கணினியில் மாற்றிக்கொண்டார்கள். தீபாவளிக்கு ஒரே பீஸில் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் சட்டை தைக்கும் சிக்கனம் அது. சில்லுகளில் இடம் குறைவு. அந்த இடத்துக்கு விலை அதிகம். பிறகு இன்னொரு யோசனை வந்தது. மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை. ஸ்கார்ப்பியனின் வித்தைகளையும் சப்-ஸீரோவின் வித்தைகளையும் ஒருவனிடமே கொடுத்தால் புதிதாக ஒன்றையும் வரைய வேண்டாம். இப்படிப் பிறந்தவன் ரெப்டைல். சண்டை விளையாட்டு வரலாற்றின் முதல் பெரிய ஒளிந்திருக்கும் வீரன்.

முதல் பதிப்பில் அவன் இல்லை. திருத்தப் பதிப்பில்தான் நுழைந்தான். அதனால் ஓர் ஊர் இயந்திரத்தில் இருந்தவன் அடுத்த ஊர் இயந்திரத்தில் இல்லை. ‘நான் பார்த்தேன்’ என்றவனும் ‘புளுகாதே’ என்றவனும் ஒரே நேரத்தில் உண்மை பேசினார்கள். அவனைச் சந்திக்க வேண்டுமானால் ‘பிட்’ எனும் பாலத்து மேடையில், வானத்து நிலவைக் கடந்து ஒரு நிழல் பறக்கும்போது ஆட வேண்டும். தடுக்கும் பொத்தானைத் தொடக் கூடாது. இரண்டு ரவுண்டிலும் ஓர் அடிகூடப் படக் கூடாது. கடைசியில் கொலை வித்தையோடு முடிக்க வேண்டும். இதைப் பத்துப் பேரில் ஒன்பது பேரால் செய்ய முடியாது. ஆனால் சண்டைகளுக்கு முன்னால் திடீரென்று வந்து ஒரு துப்புச் சொல்லிவிட்டு மறைவானே, அது பத்துப் பேருக்கும் தெரியும். இருக்கிறான் என்று காட்டிவிட்டுக் கொடுக்காமல் இருப்பது. காசு விழுந்துகொண்டே இருக்க வேறென்ன வேண்டும்?

அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் இப்படி மூன்று பேர்: ஸ்மோக், ஜேட், நூப் சைபாட். தொடர்ந்து 50 ஆட்டம் ஜெயித்தவரால்தான் மூன்றாமவனைக் காண முடியும். முழுக்கக் கறுத்த நிழல். அவன் பெயரில் பயங்கர மர்மம் ஒன்றும் இல்லை. பூன், டோபியஸ் என்ற இரண்டு பெயர்களின் ஆங்கில எழுத்துகளையும் பின்னாலிருந்து படித்தால் அவன் பெயர் கிடைக்கும். அப்பா பெயரையும் அம்மா பெயரையும் சேர்த்துக் கடைக்குப் பலகை எழுதுவது நமக்குப் புதிதா என்ன?

எர்மேக்கின் கதை இவர்கள் எல்லோரையும்விட விநோதம். மார்ட்டல் காம்பாட் இயந்திரத்தின் உரிமையாளர் கணக்குப் பார்க்க ஒரு பக்கம் உண்டு: எத்தனை ஆட்டம், எத்தனை முறை ரெப்டைலோடு சண்டை என்றெல்லாம். அதில் ‘எர்மேக்ஸ்’ என்று ஒரு வரி இருந்தது. நிரலில் வரும் பிழைகளை எண்ணும் கணக்கு. ‘எரர் மேக்ரோ’ என்பதன் சுருக்கம். யாரோ எட்டிப் பார்த்தார்கள். எர்மேக் என்று இன்னொரு நிஞ்சா ஒளிந்திருக்கிறான், அவனுக்குச் சிவப்பு உடை என்று பேச்சு கிளம்பியது. அப்படி ஒருவன் அந்த ஆட்டத்தில் இல்லவே இல்லை. ஆனால் கேட்டுக் கேட்டுக் களைத்தவர்களுக்குப் பரிசாக 1995-ல் ‘அல்டிமேட் மார்ட்டல் காம்பாட் 3’ ஆட்டத்தில் அவனைச் சேர்த்தார்கள். அங்கேயும் பூட்டித்தான் வைத்தார்கள். தோற்றபின் கிடைக்கும் சில விநாடிகளுக்குள் பத்துக் குறிகளைச் சரியாகப் போட்டால் கதவு திறக்கும். குலசாமி கதைகளில் முதலில் பேச்சும் பிறகு பீடமும் வருவதைப் பார்த்தவர்களுக்கு எர்மேக்கின் பிறப்பு ஆச்சரியம் தராது.

கேப்காமும் சும்மா இருக்கவில்லை. 1994-ல் வந்த சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவில், நன்றாக ஆடியவர்களுக்குக் கடைசிச் சண்டைக்கு முன் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. பைசன் வந்து நிற்பான். அடுத்த நொடி சிவந்த முடிக்காரன் ஒருவன் பாய்ந்து வந்து அவனைத் தீர்த்துக்கட்டிவிட்டு ஆட்டக்காரன் பக்கம் திரும்புவான். அவன்தான் அகூமா, ஜப்பானில் கோக்கி. இரண்டு ஆண்டுக்கு முன் பத்திரிகை விளையாட்டாக எழுதிய ஷெங் லாங் காட்சியை அப்படியே மேடையேற்றியதுபோல இருக்கும்.

அவனை எடுத்து ஆடவும் ஒரு வழி இருந்தது. தேர்வுத் திரையில் ரியூவின்மேல் சற்று நிற்க வேண்டும். பிறகு டி. ஹாக், கைல், கேமி என்று சுற்றி, மறுபடி ரியூவிடம் வந்து நின்று, ஸ்டார்ட் பொத்தானையும் மூன்று குத்துப் பொத்தான்களையும் சேர்த்து அமுக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவனுக்கு விரல் அசைவதுதான் தெரியும். என்ன நடந்தது என்று தெரியாது. துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் மாட்டுத் தரகர்களின் வித்தையை நேரில் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அகூமா அளவுக்கு மீறிய பலசாலி. அந்த ஆட்டத்தின் போட்டிகளில் அவனை எடுக்கக் கூடாது என்று தடையே போட்டார்கள்.

இதெல்லாம் கடை இயந்திரங்களின் காலம். ரகசியம் வாய்வழியாகத்தான் போகும், தெரிந்தவனுக்கு மரியாதை. ஆட்டம் வீட்டுக்குள் வந்தபோது கணக்கு மாறியது. வீட்டில் காசு போட ஓட்டை இல்லை. ஒருமுறை சிடி வாங்கியவனை மாதக்கணக்கில் பிடித்துவைப்பது எப்படி? நாம்கோ நிறுவனத்தின் ‘டெக்கன்’ வரிசை இதற்கு வழி கண்டது: ஒளித்து வைக்காதே, பூட்டி வை, ஆடினால் திறக்கட்டும். அறிவு கேட்ட இடத்தில் உழைப்புக் கேட்டார்கள். 1995-ல் பிளேஸ்டேஷனுக்கு வந்த முதல் டெக்கனில், ஆட்டம் ஏறும்வரை பொழுதுபோக்கக் கொடுத்த கலாகா விளையாட்டில் ஒரு விண்கலத்தையும் விடாமல் சுட்டால் டெவில் கசுயா கிடைப்பான். காத்திருக்கும் நேரத்தைக்கூடச் சும்மா விடவில்லை.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் வீடியோ கேம் வரலாற்றை எழுத ஒரே ஒரு சிடிதான் உண்டு என்றால் அது ‘டெக்கன் 3’. கடை இயந்திரமாக 1997-ல் வந்து, 1998 மார்ச்சில் பிளேஸ்டேஷனுக்கு இறங்கியது. உலகம் முழுக்க 80 லட்சத்துக்கு மேல் விற்றது. நம் ஊர்களுக்கு வந்த சிடிகளில் பெரும்பாலானவை அந்தக் கணக்கில் சேர்ந்திருக்காது. பர்மா பஜார் வகைச் சரக்குக்கு யார் கணக்கு எழுதினார்கள்? 1996-ல் மதுரையிலிருந்து தேனி தனி மாவட்டமாகப் பிரிந்த காலம். அடுத்து வந்த ஆண்டுகளில் சிற்றூர்களின் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் பள்ளிக்கூடத்துக்குப் பின்சந்திலும் இரண்டு டிவி, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மின்விசிறியோடு ‘டிவி கேம்’ கடைகள் முளைத்தன. மணிக்கணக்கில் காசு. சந்தை நாளில் அப்பா கையில் நாலு காசு புரண்டால் பையனுக்கும் அரை மணி நேரம் கிடைக்கும்.

சிடியைப் போட்டால் முதலில் பத்துப் பேர் மட்டும் நிற்பார்கள்: ஜின், ஷியாவ்யு, லா, பால், கிங், நீனா, லெய், ஹுவோராங், யோஷிமிட்சு, எடி. ஒருவனை வைத்து ஆர்கேட் ஆட்டத்தை முடித்தால் கூமா என்ற கரடி வரும். இன்னொருவனை வைத்து முடித்தால் ஜூலியா. பிறகு கன் ஜாக், பிறகு மொகுஜின். இந்த மொகுஜின் ஒரு மரக்கட்டை, ரவுண்டுக்கு ரவுண்டு வேறொருவனின் வித்தையைக் காட்டும். அதை எடுப்பவனுக்குக் கடையில் இருக்கும் எல்லோருடைய அடியும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவன் எடுத்தால் சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அன்னா, பிரையன், ஹெய்ஹாச்சி, ஓகர் என்று வரிசை நீளும்.

எல்லோரையும் திறந்து முடித்த பிறகுதான் டைகர். எடியின் முகத்தில் நின்று ஸ்டார்ட்டை அமுக்கி எடுத்தால், பம்பைத் தலையும் டிஸ்கோ உடையுமாக அவன் ஆடிக்கொண்டே வருவான். சண்டை எல்லாம் எடியின் அதே கபோய்ரா. புதிதாக அவனிடம் எதுவும் இல்லை. ரெப்டைல் காலத்துச் சிக்கனம்தான். ஆனால் கடையில் ஒருவன் டைகரை எடுத்தான் என்றால் அவன் அந்த மூட்டையின் அடி வரை கை விட்டவன் என்று அர்த்தம். இத்தொடரின் கணிப்பில், டெக்கன் 3-ன் மிகச் சிறந்த ரகசியம் டைகர்தான். எடியை வைத்து இரண்டு உதைப் பொத்தான்களையும் கண்ணை மூடிக்கொண்டு தட்டி ஜெயிக்கும் கற்றுக்குட்டிக்கும், எல்லாவற்றையும் திறந்து முடித்தவனுக்கும் கையில் கிடைப்பது ஒரே ஆட்டம். வித்தியாசம் சட்டையில் மட்டும்.

கான் என்ற குட்டி டைனோசர் வேறு வகை. மசாஷி தனாக்காவின் படக்கதையிலிருந்து வந்தவன். கடற்கரைப் பந்தாட்டத்தில் அவனைத் தோற்கடித்தால் கிடைப்பான். சாதனைப் பட்டியலில் மூன்றெழுத்துப் பெயர் போடும் இடத்தில் அவன் பெயரையே போட்டாலும் கிடைப்பான். ஆள் குள்ளம், உயரமாக வீசும் குத்தெல்லாம் தலைக்கு மேலே போய்விடும். கானை எடுப்பவனோடு ஆட மாட்டேன் என்று நண்பர்கள் எழுந்து போனது பல ஊரில் நடந்த கதை. டாக்டர் பாஸ்கோனோவிச்சுக்கு உழைப்பு இன்னும் அதிகம். சிடிக்குள்ளேயே இருக்கும் டெக்கன் ஃபோர்ஸ் ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப முடித்து, சாவிகளாகச் சேர்த்து, கடைசியில் அவரையே வெல்ல வேண்டும். கிடைத்த பிறகு பார்த்தால் மனிதர் நிற்கவே மாட்டார். முதுகு வியாதி. பாதிச் சண்டையைத் தரையில் படுத்தே போடுவார்.

இவ்வளவும் ஓர் அழுக்கு நிற அட்டைத்துண்டு அளவுப் பொருளை நம்பி இருந்தது: மெமரி கார்டு. கொள்ளளவு 128 கிலோபைட். இன்று வாட்ஸ்ஆப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம்கூட அதில் அடங்காமல் போகலாம். அது செருகியிருந்தால் திறந்தவர்கள் திறந்தபடி இருப்பார்கள். இல்லையென்றால் பெட்டியை அணைத்ததும் எல்லோரும் மறுபடி உள்ளே. அது தனிச் செலவு என்பதால் கார்டு இல்லாமலே ஓடிய பெட்டிகள் ஏராளம். மூன்று மணி நேரம் காசு கட்டி ஹெய்ஹாச்சி வரை வந்தவனின் கண் முன்னால் கரண்ட் போகும். 2008-க்குப் பிறகான மின்வெட்டு ஆண்டுகளில் இது தினசரிச் சாவு. மின்விசிறி நின்றுபோன இருட்டில், கரடி முதல் ஹெய்ஹாச்சி வரை அத்தனை பேரும் ஒரே நொடியில் பறிபோனதை எண்ணி உட்கார்ந்திருந்த பையனின் துக்கத்தை ஜப்பானில் டெக்கன் செய்தவர்கள் நினைத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. கார்டு வைத்திருந்த கடைக்காரருக்கு அதுவே மூலதனம். எங்கள் கடையில் எல்லா ஆளும் உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம். இரவு கடை சாத்தும்போது கல்லாவில் காசோடு கார்டும் பூட்டப்படும்.

கடை இயந்திரத்து டெக்கனில் வேறொரு தந்திரம் இருந்தது. உள்ளே ஒரு கடிகாரம். நாட்கள் போகப்போக ஆட்கள் தாமாகவே வெளிவருவார்கள். நிண்டெண்டோவின் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ’ 2001-ல் மியூடூ என்ற வீரனுக்கு 20 மணி நேர நேரடி மோதல் கேட்டது. நான்கு பேர் சேர்ந்து ஆடினால் ஐந்து மணி நேரம் போதும். நண்பர்களைக் கூட்டி வந்தால் தள்ளுபடி! அதே மெலீயில் சோனிக் என்ற வீரன் ஒளிந்திருக்கிறான் என்று 2002 ஏப்ரலில் எழுதியது ஷெங் லாங் பொய்யைக் கிளப்பிய அதே பத்திரிகை. பத்தாண்டு கழித்தும் ஆட்கள் நம்பினார்கள். 2008-ல் வந்த அடுத்த பாகத்தில் சோனிக் நிஜமாகவே வந்தான்.

பிறகு இணையம் வந்தது, பூட்டுக்கு வேறு சாவி கிடைத்தது. 2012 மார்ச்சில் வெளியான ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்’ வட்டைச் சிலர் பிரித்துப் பார்த்தார்கள். 12 வீரர்கள் முழுதாக உள்ளேயே இருந்தார்கள். திறக்க ரகசியமும் வேண்டாம், உழைப்பும் வேண்டாம், பணம் வேண்டும். வாங்கியவரும் வாங்காதவரும் ஒன்றாக ஆட வசதிக்காகத்தான் வட்டிலேயே வைத்தோம் என்று கேப்காம் சொன்னது. யாரும் கேட்கும் நிலையில் இல்லை. காசு கொடுத்து மூட்டையை வாங்கிய பிறகு, அடியில் இருக்கும் பூண்டுக்குத் தனி விலை என்றால் வடுகபட்டியில் என்ன பேச்சு வரும் என்று யோசித்தால், அன்று இணையத்தில் வந்த பேச்சு புரியும்.

இன்று அந்தக் கோபம் ஆறிப்போய்விட்டது. வீரர்களை ஒருவர் ஒருவராகத் தனி விலைக்கு விற்பதுதான் இப்போது வழக்கம். பிழைக் கணக்கில் பிறந்து, பத்துக் குறிகளுக்குப் பின்னால் நின்ற எர்மேக், 2024 ஏப்ரலில் ‘மார்ட்டல் காம்பாட் 1’ ஆட்டத்துக்கு விலைச் சரக்காக வந்தான். அதே மாதம் ‘டெக்கன் 8’ தன் முதல் கூடுதல் வீரனை விற்பனைக்கு விட்டது. 1998-ல் சிடியைப் போட்டதும் சும்மா கிடைத்த பத்துப் பேரில் ஒருவனான, கற்றுக்குட்டிகளின் தெய்வமான எடி.

பழைய டெக்கன் 3 செத்துவிடவில்லை. கணினிக்கும் பிறகு செல்போனுக்கும் எமுலேட்டர் வழியாகக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலும் யாரோ எப்போதோ முடித்துவைத்த சேவ் ஃபைலும் கூடவே வரும். முதல் திரையிலேயே எல்லோரும் நிற்பார்கள். கடைக்காலத்து அண்ணன் ஒருவர் அதை எட்டிப் பார்த்து, “டேய், இந்த டைகர எடுக்க நாங்க ஒரு லீவு முழுக்க அடிச்சோம்டா” என்றால், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே தம்பி கேட்பான்:

“ஏண்ணே, அவன யாரு பூட்டி வெச்சா?”

(தொடரும்)